ஆறாம் நாள் குளியல்

நகராட்சிப் புகார் அறையில் யாருக்கும் பெயர் கிடையாது. ஆறு சீட், ஆறு தொலைபேசி, ஆறு பேர். ஒன்றாம் சீட்டுக்குத் தலைவலி, ஐந்தாம் சீட் லீவு, இரண்டாம் சீட் வீட்டில் விருந்தாளி என்றுதான் அங்கே பேச்சு நடக்கும். மூன்றாம் சீட்டில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவளை மட்டும் எல்லாரும் அக்கா என்றார்கள். அவளைவிட நாலு வயது மூத்த கண்காணிப்பாளரும் காரியம் ஆக வேண்டுமென்றால் "என்னக்கா" என்றுதான் ஆரம்பிப்பார். நாமும் அப்படியே கூப்பிடலாம்.

அறை தரைத்தளத்தில், வரி கட்டும் கவுண்டருக்குப் பின்னால் இருந்தது. அதற்கு ஒரே ஒரு ஜன்னல். திறந்தால் ஜெனரேட்டர் புகை, மூடினால் புழுக்கம். ஹெட்போனின் பஞ்சு பிய்ந்து காதைக் குத்தியதால் ஆளாளுக்கு வீட்டிலிருந்து துணி கொண்டுவந்து உறை தைத்து மாட்டியிருந்தார்கள். அக்காவின் உறை பழைய தலையணை உறையில் வெட்டியது. எதிர்ச்சுவர் முழுக்க ஒரு திரை. ஊரின் குறைகள் எல்லாம் அதில் வரிசை கட்டி நிற்கும். புதுப் புகார் பச்சை. ஐந்து நாள் தாண்டினால் மஞ்சள். ஏழு நாள் தாண்டினால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் மேல்மாடிக்குத் தெரிந்துவிடும், மேல்மாடியிலிருந்து மெமோ வந்துவிடும்.

மெமோ யாருக்கு என்பதுதான் இதில் வேடிக்கை. குழாயைச் சரி செய்ய வேண்டிய மகராசன் வேறு கட்டடத்தில் மின்விசிறிக்கு அடியில் இருப்பார். மெமோ வாங்குகிறவள் போனை எடுத்து "வணக்கம், சொல்லுங்க" என்றவள். அக்கா குழாய்ப் பிரிவைக் கூப்பிட்டால் "ஆளுங்க வெளிய போயிருக்காங்க" என்று பதில் வரும். பத்தொன்பது வருஷமாக வெளியே போனவர்கள் எந்த வேலைக்குப் போனார்கள், எப்போது திரும்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அதனால் அந்த அறைக்கென்று ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஒருத்தரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆறாம் நாள் சாயங்காலம், டீ வரும் நேரத்தில், மஞ்சளாக நிற்கும் புகார்களை எல்லாம் 'சரி செய்யப்பட்டது' என்று மூடிவிடுவது. மூடியதும் புகார் கொடுத்தவருக்குத் தானாக ஒரு மெசேஜ் போகும்: 'தங்கள் புகார் சரி செய்யப்பட்டது. ஒத்துழைப்புக்கு நன்றி.' அவர் கடுப்பாகி மறுநாள் கூப்பிடுவார். புது எண், புது ஏழு நாள். பழைய அழுக்குப் புகார் குளித்து, தலை துவட்டிக்கொண்டு, பச்சையாக வந்து நிற்கும். இதற்கு அறைக்குள் 'குளிப்பாட்டுவது' என்று பெயர். "இன்னைக்கு எத்தனை குளியல்?" என்று நாலாம் சீட் கேட்கும். "பதினொண்ணு" என்பாள் அக்கா.

ஊரும் லேசுப்பட்டதல்ல. நாலைந்து தடவை குளிப்பாட்டப்பட்டவர்களுக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. "ஆறு நாள் ஆயிடுச்சுன்னு மெசேஜ் வந்துருச்சுக்கா. எழுதிக்கங்க, அதே கம்பம், அதே இருட்டு" என்று ஒரு மளிகைக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொல்வார். அவருக்கு அந்த மெசேஜ் மறுபடி கூப்பிடச் சொல்லும் அலாரம், அவ்வளவுதான். அனுப்புகிறவர்கள் அதை உண்மை என்று அனுப்பவில்லை, வாங்குகிறவர்கள் உண்மை என்று வாங்கவில்லை. பொய் என்று சொல்ல வேண்டுமானால் யாராவது ஒருத்தர் நம்பியிருக்க வேண்டுமே! அப்படித்தான் அக்கா தன் மனசைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள்.

ஆனால் அந்த மளிகைக்கடைக்காரர் மாதிரி விடாக்கண்டர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மற்றவர்கள் இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள், மூன்றாம் தடவை கூப்பிட்டார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் தடித்தடியாகப் பதிவேடுகள் இருந்தன. ஜனங்கள் நேரில் வந்து சண்டை போடுவார்கள். "போன வாரம் எழுதினதக் காட்டு" என்று பக்கத்தைத் திருப்பச் சொல்வார்கள். அலுவலகத்தில் யார் யாருக்கு என்ன வேலை என்று தெருப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. இப்போது சண்டை போட ஆள் இல்லை. மேல்மாடியில் இதையே சாதனையாக்கி, 'புகார்கள் பாதியாகக் குறைந்தன' என்று நுழைவாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். குறைந்தது குறையல்ல, ஜனங்களின் வாய்தான் என்பது அக்காவுக்குத் தெரியும். அதைச் சொல்லி யாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது?

அக்காவுக்கு ஒரு தம்பி. பன்னிரண்டு வருஷமாக வெளிநாட்டில் இருக்கிறான். இங்கே இருந்தபோது அவன் எப்படிப்பட்டவன் என்றால், தெருவில் முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர் நின்றால் பேன்ட்டை இன்னும் ஒரு மடிப்பு மடித்துக்கொண்டு போவானே தவிர, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்க மாட்டான். அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், தன் தெருவில் பாதசாரிகள் கடக்க விளக்கு வேண்டும் என்று எழுதிப் போட்டதாகவும், அதற்கான குடியிருப்போர் கூட்டத்தில் தானே எழுந்து பேசியதாகவும் சொன்னான்.

"நீயாடா? உனக்கு வாய் இருக்குன்னே எனக்கு இப்பதான் தெரியும்" என்றாள் அக்கா.

"இங்க எழுதினா பதில் வருதுக்கா. முடியாதுன்னாலும் முடியாதுன்னு வருது. ஏன் முடியாதுன்னும் வருது. கீழ ஒரு ஆளோட பேரும் போன் நம்பரும் இருக்கு. அப்புறம் எழுதாம எப்படி இருக்கறது?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. "ஏன், இங்க நாங்க பதில் அனுப்பலியா? எல்லாருக்கும்தான் மெசேஜ் போகுது."

"நான் உன்னைச் சொல்லலக்கா."

"பின்ன யாரச் சொன்ன? போன எடுக்கறது நான்தான?"

போனை வைத்துவிட்டாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவனிடம் பேசவில்லை. அவன் மேல் கோபம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த மனுஷன், "அவன் என்ன பொய்யா சொன்னான்?" என்று கேட்டுவிட்டு அவரும் வாங்கிக் கட்டிக்கொண்டார். உள்ளுக்குள் அவளைக் குடைந்தது வேறு. அதே தம்பி, அதே வாய். இங்கே இருபத்தைந்து வருஷம் திறக்காத வாய் அங்கே போனதும் திறக்கிறதென்றால், மூடி வைத்தது யார்?

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு வாரத்தில் அந்தப் பெண் முதல் தடவை கூப்பிட்டாள். கதவு எண், தெரு, பக்கத்தில் இருக்கும் அடையாளம் எல்லாவற்றையும் படிவம் நிரப்புகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"குழாய்த் தண்ணில வாடை வருதுங்க. ஒரு வாரமா. நான் அஞ்சு மாசம். அதான் பயமா இருக்கு."

அக்கா எழுதிக்கொண்டாள். எண்ணைச் சொன்னாள். அந்தப் பெண், "திருப்பிச் சொல்றேன், சரியா இருக்கான்னு பாருங்க" என்று ஒன்பது இலக்கத்தையும் ஒப்பித்தாள். எத்தனை நாளில் பதில் வரும் என்று கேட்டாள். ஏழு நாள் என்றதும், "சரிங்க, ஏழு நாள். நன்றிம்மா" என்று வைத்தாள்.

நாலாம் சீட் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டது: "யாருக்கா அது, நம்பரத் திருப்பிச் சொன்னது?"

"வெளிநாட்டுலயே வளந்த பொண்ணாம். கல்யாணம் ஆகி இங்க வந்து ஏழெட்டு மாசம்தான் ஆகுதாம்."

"அதான பார்த்தேன். நம்மாளுங்ககிட்ட நம்பர் சொன்னா, 'ஏன், லாட்டரியா அடிக்கப் போகுது'ம்பாங்க."

அன்றைக்கே அவளுக்கு 'நன்றிம்மா' என்று பட்டப்பெயர் வைத்தாகிவிட்டது.

மூன்றாம் நாள் நன்றிம்மா மறுபடி கூப்பிட்டாள். அவசரப்படுத்தவில்லை. "ஏழு நாள்னு சொன்னீங்க, தெரியும். அதுவரைக்கும் இந்தத் தண்ணியக் குடிக்கலாமான்னு கேக்கத்தான்" என்றாள்.

"குடிக்காதீங்கம்மா. நல்லாக் கொதிக்க வச்சு, ஆறவச்சுக் குடிங்க. சரி பண்ற வரைக்கும்."

"சரி பண்ற வரைக்கும். சரிங்க. நன்றிம்மா."

இந்தப் புகாருக்காக அக்கா உண்மையாகவே அலைந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குழாய்ப் பிரிவுக்கு நாலு தடவை போன் செய்தாள். ஐந்தாம் நாள் சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறக்காமல் குடையை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்கே நடந்து போனாள். மேஸ்திரி நல்லவர்தான். "அந்தத் தெருவுல சாக்கடை லைனும் தண்ணி லைனும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடக்குக்கா. ரோட்ட வெட்டித்தான் பாக்கணும். வெட்ட அனுமதி கேட்டு எழுதியிருக்கு. வந்தா மொத வேலை அதுதான்" என்றார். எப்போது வரும் என்று கேட்டதற்குக் கையை விரித்தார்.

ஆறாம் நாள் சாயங்காலம் டீ வந்தது. அக்காவின் வரிசையில் பன்னிரண்டு மஞ்சள். அந்த வருஷத்தில் அவள் ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியிருந்தாள். மூன்றாவது வந்தால் ஊரின் மறுகோடியில் இருக்கும் கிளை அலுவலகத்துக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பன்னிரண்டையும் குளிப்பாட்டினாள். ஏழாவதோ எட்டாவதோ நன்றிம்மாவுடையது. விரல் ஒரு கணம் நின்றது. நாளைக்கு அவளே கூப்பிடுவாள், புது எண் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள். விரல் அழுத்தியது. மணி ஐந்து நாற்பத்திரண்டு.

மறுநாள் காலை நன்றிம்மா கூப்பிடத்தான் செய்தாள்.

"சரி பண்ணிட்டீங்கன்னு மெசேஜ் வந்துச்சுங்க. நீங்க சொன்ன ஏழு நாளுக்குள்ளயே முடிச்சிட்டீங்க. நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அக்கா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "வாடை... போயிடுச்சாம்மா?"

"இன்னைக்கு வரலைங்க. ரொம்ப நன்றிம்மா."

மழை விட்டுச் சாக்கடை வடிந்திருந்தது, அதனால் வரவில்லை. அக்காவுக்கு அது தெரியும். பின்னால் கண்காணிப்பாளர் மேல்மாடி ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்து திரையைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். காத்திருக்கும் அழைப்புகள் பதினாலு என்று மூலையில் மின்னிக்கொண்டிருந்தது. இருக்கட்டும். 'கொதிக்க வைக்கறத மட்டும் நிறுத்தாதீங்க' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. அவளுக்குத் தோன்றவில்லை என்று சொல்லி அவளைக் காப்பாற்றிவிட எனக்கும் ஆசைதான். தோன்றியது. வாய்வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, "பரவாயில்லம்மா, எங்க வேலைதான அது" என்றாள்.

பத்தொன்பது வருஷத்தில் திட்டுவதற்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அழுவதற்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், குடித்துவிட்டுப் பாட்டுப் பாடுவதற்குக்கூட ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். நன்றி சொல்வதற்கென்று ஒரு ஜீவன் கூப்பிட்டதில்லை. மத்தியானம் அக்கா அதை மற்ற ஐந்து சீட்டுக்கும் சொன்னாள். நாலாம் சீட் கைதட்டியது. வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடமும் சொன்னாள். "பரவாயில்லையே, உன் வேலைக்கும் ஒருத்தர் மரியாதை குடுத்துட்டாங்க" என்றார் அவர். அவளுக்கு அன்றைக்குச் சோறு ருசித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியைத் தானே கூப்பிட்டுப் பேசினாள்.

பிறகு அந்தத் தெருவிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. வாடை வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது. பழைய ஆட்கள் எல்லாரும் வழக்கம்போலக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள், வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. அனுமதி வரவில்லை, ரோட்டை யாரும் வெட்டவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கத்தில் பதினொரு பேருக்கு மஞ்சள் காமாலை என்று செய்தித்தாளின் உள்பக்கத்தில் நாலு வரி வந்தது. மறுநாள் பத்து வரியானது. மூன்றாம் நாள் விசாரணை என்றார்கள். நகராட்சியின் விளக்கமும் அதில் இருந்தது: 'அந்தத் தெருவிலிருந்து குடிநீர் தொடர்பாக நிலுவையில் எந்தப் புகாரும் இல்லை.'

அக்கா டீயைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் படித்தாள். எழுத்துக்கு எழுத்து உண்மை. நிலுவையில் ஒன்றும் இல்லைதான்.

பதினொரு குடும்பத்துக்கும் போன் செய்து நலம் விசாரிக்கும்படி மேல்மாடி உத்தரவு. பட்டியல் அறைக்கு வந்தது. அக்கா அதை வாங்கி விரலை வைத்துக்கொண்டே இறங்கினாள். ஆறாவது வரியில் அந்தக் கதவு எண். அதற்கு எதிரே, 'பெண். ஏழு மாத கர்ப்பம். குழந்தை தங்கவில்லை.'

அவள் யாருக்கும் போன் செய்யவில்லை. பழைய பதிவைத் திரையில் எடுத்துப் பார்த்தாள். மூடியவர்: மூன்றாம் சீட். நேரம்: ஐந்து நாற்பத்திரண்டு. எழுந்து கண்காணிப்பாளர் மேஜைக்குப் போனாள்.

"சார், அந்தத் தெருப் புகார் என்கிட்டதான் வந்துச்சு. நான்தான் மூடினேன். விசாரணைல அதச் சொல்லணும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கெட்ட மனுஷர் இல்லை. அவருக்கும் வீட்டில் மருமகள் மாசமாக இருந்தாள். "என்னக்கா இது. நீங்க ஒண்ணு மூடினீங்க. இந்த ரூம்ல வருஷத்துக்கு எத்தனை மூடறோம்? நீங்க வாயத் திறந்தா ஆறு சீட்டும் காலி."

"அந்தப் பொண்ணு நம்பிருச்சு சார்."

"யாருக்கா நம்பச் சொன்னா?"

சொல்லிவிட்டு அவரே கூசிப்போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடிக்கிறவரைக்கும் அக்கா அங்கேயே நின்றாள், அவர் நிமிரவில்லை.

அக்கா வீட்டில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினாள். ஆறாம் நாள் வழக்கத்தை எழுதினாள். மேஸ்திரி சொன்னதை எழுதினாள். 'கொதிக்க வைத்துக் குடியுங்கள், சரி செய்யும்வரை' என்று தான் சொன்னதை எழுதினாள். விசாரணை அதிகாரிக்கு என்று உறையின் மேல் எழுதி, தபால் வாங்கும் கவுண்டரில் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். கவுண்டரில் இருந்தவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மனு என்று பதிந்து, அவள் போன் எண்ணை வாங்கிக்கொண்டு, ஒரு எண் கொடுத்தார்.

ஆறாம் நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது பையில் போன் அதிர்ந்தது. 'தங்கள் மனு சரி செய்யப்பட்டது. ஒத்துழைப்புக்கு நன்றி.'

முதலில் சிரிப்புத்தான் வந்தது. மேல்மாடியில் இதே மாதிரி ஒரு நாற்காலியில் இதே மாதிரி ஒருத்தி, டீயை ஆற்றிக்கொண்டே, மஞ்சளாக நின்ற எதையோ அழுத்தியிருப்பாள். சிரிப்பு எந்த இடத்தில் மாறியது என்று அக்காவுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயசான ஆள் எழுந்து, "உக்காரும்மா" என்று இடம் கொடுத்த பிறகுதான் தான் அழுவதையே உணர்ந்தாள்.

இனி சொல்வதற்கு ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போனாள்.

மாடி வீடு. படிக்கட்டின் கீழ் நீல நிறத் தண்ணீர் டிரம். கதவைத் திறந்தது மாமியார்க்காரி. "புகார் ஆபீஸ்ல வேலை பாக்கறேம்மா" என்றதும் அந்த அம்மாள் முகம் இறுகியது. "இப்ப எதுக்கு? எதுலயாவது கையெழுத்துப் போடணுமா?" என்று கேட்டாள். இல்லை, பார்த்துவிட்டுப் போகத்தான் என்றதும் நாற்காலியைக் காட்டினாள்.

குரலைக் கேட்டு உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தாள். அக்கா நினைத்திருந்ததைவிடச் சின்னப் பெண். கண்ணின் வெள்ளையில் இன்னும் மஞ்சள் போகவில்லை. உடம்பு பாதியாகி, போட்டிருந்த உடை தோளில் நிற்காமல் நழுவியது.

"நீங்கதான போன்ல பேசினது?" என்றாள். "உங்க குரல் எனக்குத் தெரியும். என்னைப் பாக்கவா வந்தீங்க?"

அந்தக் கேள்வியில் இருந்த சந்தோஷத்தை அக்காவால் தாங்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாராவது வந்து கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி பேச ஆரம்பித்தாள். "தப்பு என் மேலதாங்க. நீங்க எல்லாம் சரி பண்ணிட்டீங்க. அப்புறமும் கொதிக்க வைன்னு அத்தை சொல்லிட்டேதான் இருந்தாங்க. நான்தான் போனைக் காட்டி, எழுத்துலயே வந்திருக்கு அத்தை, இனிமே எதுக்குன்னு நிறுத்திட்டேன். வெளில எங்கயாவது குடிச்சதுல வந்திருக்கும். நான் இன்னும் ஜாக்கிரதையா இருந்திருக்கணும்."

"இல்லம்மா" என்றாள் அக்கா. "சரி பண்ணல. யாரும் வரவே இல்ல. நான்தான் மூடினேன்."

"தெரியாம மூடிட்டீங்களா?"

"தெரிஞ்சுதாம்மா மூடினேன்."

அந்தப் பெண்ணுக்குப் புரிய நேரமாயிற்று. "சரி பண்ணலன்னா, சரி பண்ணியாச்சுன்னு ஏன் எழுதணும்?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. கணக்குப் புரியாத பிள்ளை மாதிரி கேட்டாள். பத்தொன்பது வருஷத்தில் அந்த அறையில் யாரும் கேட்காத கேள்வி அது. அக்கா ஏழு நாளைச் சொன்னாள், மஞ்சளைச் சொன்னாள், சிவப்பைச் சொன்னாள், மெமோவைச் சொன்னாள். சொல்லச் சொல்ல எல்லாமே சின்னச் சின்ன விஷயங்களாகிக்கொண்டு வந்தன.

"அப்ப இந்த மெசேஜ் நிஜம் இல்லன்னு மத்தவங்களுக்கு எல்லாம் தெரியுமா?"

"தெரியும்மா."

"இந்தத் தெருவுல எல்லாருக்கும்?"

"எல்லாருக்கும்."

அந்தப் பெண் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் நன்றி சொல்லக் கூப்பிட்டேனே. அன்னைக்காவது சொல்லியிருக்கலாமேம்மா?"

வருகிற வழியெல்லாம் அக்கா இதற்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தாள். பின்னால் மேல்மாடி ஆட்கள் நின்றது, பதினாலு அழைப்பு காத்திருந்தது, போனில் பேசுவதெல்லாம் பதிவாகிறது. அதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"ஒருத்தர் நன்றி சொன்னது நல்லா இருந்துச்சும்மா. அதக் கெடுத்துக்க மனசு வரல" என்றாள்.

அந்தப் பெண் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இப்பவாவது சரி பண்ணிட்டாங்களா?" என்றாள்.

"பண்ணியாச்சுன்னுதான் ஃபைல்ல இருக்கு. நான் கண்ணால பாக்கலம்மா."

தலையை ஆட்டிவிட்டு எழுந்து உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தமும், பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டன. பிறகு அடுப்புப் பற்றவைக்கும் சத்தம். திரும்பி வரவில்லை. அக்கா கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டு எழுந்தாள்.

மாமியார் படிக்கட்டுவரை கூட வந்தாள். திட்டுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அந்த அம்மாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, உள்ளே கேட்காத குரலில் பேசினாள்.

"எங்க வீட்டுக்கு வந்த புதுசுல தெனம் கேப்பா. ஏன் அத்தை, ரோடு இப்படி இருக்கு, தண்ணி இப்படி இருக்கு, இங்க யாருமே ஏன் எதுவும் கேக்க மாட்டேங்கறாங்கன்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. நீயே கேட்டுப் பாரும்மான்னு உங்க ஆபீஸ் நம்பரக் குடுத்தது நான்தான்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே கேக்க மாட்டா. இன்னையோட அவளும் இந்த ஊர்க்காரி ஆயிட்டா."